எஃப்-நைனும் ஜிலேபியும்

பெருமாநல்லூரில் பனியன் கம்பெனி நடத்தும் ஆத்தப்பனுக்குச் சர்க்கரை வியாதி. அது நாக்குக்குத் தெரிந்தால்தானே? காலையில் கேன்டீனிலிருந்து போண்டா, சாயங்காலம் சுடச்சுட ஜிலேபி, நடுநடுவே காப்பி என்று மனுஷன் ஜமாய்த்துக்கொண்டிருந்தார். வம்பு கம்ப்யூட்டரில் வந்தது.

அந்த வம்பை உண்டாக்கியவள் ரோஸ்மேரி. உடன்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்து பக்கத்து ஊரான நெருப்பெரிச்சலில் குடியிருக்கும் வீட்டுப் பெண். புரோகிராம் எழுத விஷுவல் பேசிக் படித்துவிட்டு, 2003-ல் அந்தக் கம்பெனியில் தற்காலிகமாகச் சேர்ந்தாள். அப்பா கட்டிங் மாஸ்டராக இருந்தவர். சர்க்கரைப் புண்ணில் கால்விரல் போய் வீட்டோடு இருந்தார். இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. வேலை நிரந்தரமாக வேண்டுமென்று அவள் ஜெபிக்காத ஞாயிற்றுக்கிழமை இல்லை.

அவள் முதலில் எழுதியது கேன்டீன் புரோகிராம். எந்த செக்‌ஷனுக்கு என்ன போனது என்று கேன்டீன் காண்டிராக்ட் எடுத்திருந்த மயிலாள் சொல்வாள், இவள் ஏற்றுவாள். ஒரு டீயை விட்டுவிட்டாலும் மயிலாள் சாமியாடிவிடுவாள். அதனால் கட்டிங், தையல், செக்கிங் வரிசையில் 'முதலாளி ரூம்' என்றும் ஒரு பகுதி திரையில் ஏறிவிட்டது. போண்டா, ஜிலேபி, காப்பி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், பக்கத்திலேயே எண்ணிக்கைக்கு ஒரு பெட்டி.

சனிக்கிழமைதோறும் பெரியாத்தாள் வருவார். முதலாளியின் மனைவி; கம்பெனியே அவர் பேரில்தான் இருந்தது. செக்கில் கையெழுத்துப் போட்டதும், தன் தோட்டத்துக் காய் கேன்டீனில் என்ன ஆனது என்று பார்க்க இந்தத் திரை முன்னால் வந்து உட்காருவார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஆத்தப்பன் ரோஸ்மேரியின் மேஜைப் பக்கம் வந்து குசுகுசுத்தார்.

"ஏனம்மணி, என்ற ரூம் சமாச்சாரத்தை மட்டும் அம்மா வாரப்ப மறைச்சுப்போட முடியுமா?"

"மறைக்கலாம் சார்."

"பண்ணிப்போடு கண்ணு. உன்ற வேலையக் கன்ஃபர்ம் பண்ற ஆர்டரை டைப் பண்ணச் சொல்லிப்போடறேன்."

கீபோர்டில் எஃப்-நைனைத் தட்டினால் எல்லாம் மறையும்படியும், மறுபடி தட்டினால் திரும்ப வரும்படியும் எழுதினாள். ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாக ஒரு வரி. மறுநாள் கார் கேட்டுக்குள் நுழைந்தது, எஃப்-நைன் அழுந்தியது. எல்லாம் மறைந்தது, ஒன்றைத் தவிர. திரை நடுவில் 'ஜிலேபி' என்ற பெயர் மட்டும் அநாதையாகத் தொங்கியது.

"இதென்ன கண்ணு, ஜிலேபின்னு?" என்றார் பெரியாத்தாள்.

ஆத்தப்பன் ரோஸ்மேரியைப் பார்த்தார்.

"அது புது டிசைன் மேடம். டீ-சர்ட்ல போடுத பிரிண்ட்." ரோஸ்மேரிக்கு வாய் கூசவில்லை பாருங்கள்!

"கேன்டீன் கணக்குலயா?"

"ஒரே கம்ப்யூட்டர்தானே மேடம், கலந்துட்டு."

"செரி, துணி வந்தா காட்டு," என்று எழுந்து போனார்.

ஒவ்வொன்றாக மறைத்தால் ஏதாவது ஒன்று தப்பித்துக் காட்டிக்கொடுத்துவிடும் என்று அவளுக்குப் புரிந்தது. திரையில் ஒரு ஃபிரேமை, அதாவது நாலு பக்கமும் அடைத்த ஒரு கட்டத்தை, வரைந்தாள். பெட்டிகளை இழுத்து வைத்தால் அதன் மேல் உட்காருமே தவிர உள்ளே போகாது. அதனால் எல்லாவற்றையும் வெட்டி எடுத்து உள்ளே ஒட்டினாள். இனி ஃபிரேமை மறைத்தாலே போதும், உள்ளே இருப்பதும் சேர்ந்து மறையும். ஆத்தப்பன் தானே தட்டித் தட்டிப் பார்த்தார். "அட, கூண்டோட போயிருச்சே!" என்று குதூகலித்து, அந்தச் சந்தோஷத்துக்கு இன்னொரு ஜிலேபி சாப்பிட்டார்.

அடுத்த புதன்கிழமை அவர் மாடிப்படியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். தண்ணீரோடு ஓடினாள் ரோஸ்மேரி. கழன்று கிடந்த செருப்புக்குப் பக்கத்தில், அவர் கால் கட்டைவிரலில் ஒரு பிளாஸ்திரி தெரிந்தது.

"கல்லு தடுக்கிருச்சு அம்மணி. அம்மாகிட்ட சொல்லிப்போடாத."

அவள் அப்பாவும் முதலில் அப்படித்தான் சொன்னார். சிரித்துக்கொண்டே இத்தனை நாள் எதை மறைத்தோம் என்று அன்றைக்குத்தான் ரோஸ்மேரி பயந்தாள்.

சனிக்கிழமை வந்தது. கன்ஃபர்ம் ஆர்டர் தயாராகி, பெரியாத்தாளின் கையெழுத்துக்காக மேஜையில் கிடந்தது. கார் சத்தம் கேட்டதும் பழக்க தோஷத்தில் எஃப்-நைனை அழுத்தினாள். ஒரு எழுத்து மிச்சமில்லை. பெரியாத்தாள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்கண்ணு, பாதி எடம் வெறும்னே கெடக்குது? நாங்க ஒரு சாண் வரப்புலகூட தட்டப்பயிறு போடுவோம். நீ இத்தனையத் தரிசாப் போட்டிருக்கறே."

"அழகுக்குத்தான்," என்றார் ஆத்தப்பன்.

"கணக்குக்கு எதுக்குங்க அழகு? கண்ணு, அந்த எடத்துல இவிங்க ரூமுக்குத் தினமும் என்ன போவுதுன்னு போட்டுரு. டாக்டர் கேக்கறாரு. எத்தன நாளாகும்?"

மனைவியின் முதுகுக்குப் பின்னால் ஆத்தப்பன் பத்து விரலையும் விரித்துக் காட்டினார். பிறகு ஒரு கையால் ஆர்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ரோஸ்மேரி அவர் காலைப் பார்த்தாள்.

"இப்பவே ஆயிரும் மேடம்," என்று எஃப்-நைனைத் தட்டினாள்.

போனதெல்லாம் கூண்டோடு வந்து நின்றது. பெரியாத்தாளின் விரல் மேலிருந்து கீழே இறங்கி ஓரிடத்தில் நின்றது.

"இதானா கண்ணு அந்த ஜிலேபி பிரிண்ட்டு?"

வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. "நான்தான் மறைச்சேன் மேடம். எங்கப்பாவுக்கும் இப்படித்தான் விரல் போச்சு. சார் கால்ல பாருங்க."

பெரியாத்தாள் திரும்பிப் பார்த்தார். ஆத்தப்பன் காலைச் செருப்போடு மேஜைக்கடியில் இழுத்துக்கொண்டார். அந்த அம்மா அவர் கைக்கடியிலிருந்த ஆர்டரை உருவிக் கையெழுத்துப் போட்டார். "இன்னொருக்கா எதாச்சும் மறைச்சீன்னா, போட்ட கையாலயே கிழிச்சுப்போடுவேன்," என்று ரோஸ்மேரியிடம் சொல்லிவிட்டு, புருஷனைக் காரில் ஏற்றி நேராக டாக்டரிடம் கொண்டுபோனார்.

திங்கட்கிழமை ஆத்தப்பன் காலில் பெரிய கட்டோடும், கையில் சர்க்கரை போடாத டீயோடும் வந்தார்.

"காட்டிக் குடுத்துப்போட்டியே அம்மணி," என்று குறைப்பட்டுக்கொண்டார். அப்புறம் இரண்டு பக்கமும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "செரி, எல்லாம் வேண்டாம். அந்த ஜிலேபிப் பொட்டி ஒண்ணை மட்டும் மறைக்க முடியுமா?"

"முடியாது சார். ஒரே ஃபிரேமுக்குள்ள போட்டாச்சு. வந்தா எல்லாமும் வரும், போனா எல்லாமும் போகும்."

பச்சைப் பொய். ஃபிரேமுக்குள் இருந்தாலும் ஒற்றைப் பெட்டியை மறைக்க ஒரு வரி போதும். ஆத்தப்பன் அதை நம்பி, டீயை ஒரு மடக்குக் குடித்து முகத்தைச் சுளித்தபடி நொண்டிக்கொண்டே தன் ரூமுக்குப் போனார்.