ஏழுமலை அண்ணன் பக்கத்துத் தொட்டி

திருவொற்றியூரில் ஒரு இரும்புப் பட்டறையில் நான் கணக்கர். படகு உதிரிபாக வேலையை ஏழுமலை அண்ணன் ஒருவர்தான் பார்த்தார். அவருடைய மெஷின் பக்கத்துத் தொட்டியில் சேரும் கழிவு இரும்பின் எடைச்சீட்டு என் மாடி அறைக்கு வரும். அதை முழுக்கப் படகு வேலையின் செலவில் எழுதினேன். நஷ்டம் என்று கணக்கு காட்டியது. முதலாளி அந்த வேலையை நிறுத்தி, அண்ணனையும் அனுப்பிவிட்டார்.

போகும்போது அண்ணன் என் அறைக்கு வந்தார்.

"அந்தத் தொட்டிய வுட்டா இங்க வேற இன்னா கீது சார்? எல்லாரும் அதுலதான் கொட்னாங்க. ஒரு தபா கீழ வந்து பாத்திருந்தா தெர்ஞ்சிருக்கும்" என்றார். குரலில் கோபமே இல்லை.

அன்றுதான் கீழே இறங்கினேன். இரும்புக் கேட் செய்யும் தொழிலாளி வெட்டுத் துண்டுகளை அள்ளி வந்து, என்னைப் பார்த்துத் தயங்கி, அதே தொட்டியில் கொட்டினார்.

கழிவை எல்லா வேலைகளுக்கும் பிரித்துத் திருத்தியபோது, படகு வேலை லாபம்தான். "அந்த ஆர்டர் வேற எடத்துக்குப் போயிடுச்சு, விடுங்க" என்றார் முதலாளி. அண்ணனுக்குப் போன் செய்தேன். அவர் எடுக்கவில்லை.

இப்போது ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனித் தொட்டி, என் மாடி ஜன்னலுக்கு நேர் கீழே வரிசையாக. மதியம் எல்லோரும் கீழே சேர்ந்து சாப்பிடுகிறார்கள். நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. அதனால் மாடியிலேயே சாப்பிடுகிறேன். இங்கிருந்து யார் முகமும் தெரியாது, தொட்டிகள் மட்டும் நன்றாகத் தெரியும்.