சித்தூரில் ஒரு வாளி மாம்பழத் தோல்

கணக்கில் கழிவே இல்லாத மாம்பழக்கூழ் ஆலை ஒன்று தன் கழிவை ஓடையில் கொட்டுகிறது. சித்தூரிலிருந்து எட்டு கிலோமீட்டர். பெயர் சொல்ல மாட்டேன், மூக்கே வழிகாட்டும்.

போன ஜூலையில், பழ சீசன் முடிகிற வாரம், ரேவதியோடு போனேன். பக்கத்து நகரி ஊர்க்காரி, என்னோடு படித்தவள், இப்போது திருப்பதியில் ஆராய்ச்சி மாணவி. பாக்டீரியாவுக்குச் சர்க்கரை கொடுத்தால், தன் சவ்வுக்கு வேண்டிய கொழுப்பு அமிலத்தைச் செய்துகொண்டு நிறுத்திவிடும். ரேவதி மரபணுவில் கைவைத்து, நிறுத்தாமல் செய்கிற ஒன்றை வளர்த்திருக்கிறாள். அந்த அமிலத்தை டீசலாக்கலாம், சோப்பாக்கலாம். ஆனால் விலைக்கு வாங்கிய குளுக்கோஸில் டீசல் எடுப்பது பணக்கார விளையாட்டு. கழிவுச் சர்க்கரையில் வளர வேண்டும். அதற்கு அன்றைக்கு உரித்த தோல் வேண்டும். இதை விட்டால் அடுத்த சீசன்தான். அவள் உதவித்தொகை மார்ச்சில் முடிகிறது.

திருப்பதியில் காலை ஆறரை பஸ், நூற்றிருபது ரூபாய், எழுபது கிலோமீட்டர். காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலுக்குப் போகிற கூட்டம் ஞாயிற்றுக்கிழமை நிற்கக்கூட விடாது. வார நாளில் போங்கள். சித்தூரிலிருந்து ஷேர் ஆட்டோ, ஆளுக்கு முப்பது.

"இன்னாமா, வாளி எடுத்துக்கினு கோயிலுக்கா?" என்றார் ஆட்டோக்காரர்.

"மாம்பழத் தோலுக்குண்ணா."

"பழத்தைத் துன்னுட்டு தோலை எறிவாங்க. நீ தோலைத் தேடிக்கினு போறியே!"

ஆலை வாசலில் காவலாளி மேனேஜருக்குப் போன் போட்டார். "தோலே இல்லியாம்மா. எல்லாம் மாட்டுத் தீவனத்துக்குப் போவுதுன்னு ரிகார்டு. உனக்குக் குடுத்தா, எங்கேர்ந்து வந்துச்சுன்னு அதிகாரிங்க கேப்பாங்களாம்."

சுவரைச் சுற்றிப் பின்னால் போனோம். ஓடையில் தோல் மிதந்து மஞ்சளாக நுரைத்துக்கொண்டிருந்தது. அள்ளிக்கொள்ளலாமே என்றேன். ரேவதி ஒரு கை எடுத்து மோந்தாள்.

"புளிச்சுப்போச்சுடா. ஊர்ல இருக்கிற கிருமியெல்லாம் சர்க்கரையைத் துன்னு முடிச்சிட்டுது. என்னுதுக்கு இன்னா மிச்சம்?"

போகிறவர்களுக்கு: பழைய செருப்பு போடுங்கள், தண்ணீர் எடுத்துப் போங்கள், பக்கத்தில் டீக்கடை கிடையாது. மூன்று மணிக்கு மேல் திரும்ப ஆட்டோ கிடைப்பது கஷ்டம். பசுமை எரிபொருள் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். பேசுகிறவர்களில் ஒருவராவது இந்த ஓடையில் கால் வைத்துப் பார்க்கட்டும்.

ரேவதி மறுபடி வாசலுக்குப் போய், காலி வாளியைக் கேட்டுக்கு அடியில் உள்ளே தள்ளினாள்.

"அண்ணா, கழிவுன்னு எழுத வேணாம். என்னை மாடுன்னே எழுதிக்கோங்க. ஒரு வாளி குடுங்க."

காவலாளி கேட்டின் தாழ்ப்பாளை விலக்கிவிட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.