நாலு மணிக்குள் ஒரு நிழல்

நிழலைக் காட்சிக்கு வைக்கும் வேலையில் ஓர் அநியாயம் உண்டு: கம்பி, மோட்டார், விளக்கு எல்லாவற்றையும் நாம் சுமக்க வேண்டும், மார்க் மட்டும் எடையே இல்லாத நிழலுக்கு. கடைசி வருட ப்ராஜெக்டில் நொந்தவர்களே, உங்களுக்குப் புரியும்.

நான் கம்பியில் செய்த பெண், பால் வடியப் பட்டையில் கோடு கீறி ரப்பர் மரம் வெட்டுவாள். விளக்கைப் போட்டால் அவள் நிழல் வெள்ளைத் துணித் திரையில் விழும். மக்கள் துணியின் மறுபக்கம் நின்று பார்ப்பார்கள். மறுநாள் ஈப்போவில் கண்காட்சி. அதற்கு முந்தின நாளே, மாலை நாலு மணிக்குள் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடிக் காட்டாவிட்டால், என் இடம் வேறொருவரின் ஓவியத்துக்கு.

வேகம்

மோட்டார் வாங்கி வந்தது என் வகுப்புத் தோழன் தினேஷ். மெதுவாகச் சுற்றுவதுதான் வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். சுவிட்சைப் போட்டதும் என் பெண் மரத்துக்கு விசிறிவிட ஆரம்பித்தாள். பல் சக்கரத்தை மாற்றுவதற்குள் மதியமாகிவிட்டது. நான் திட்டத் திட்ட, அவன் திரையை ரசித்துக்கொண்டே சொன்னான்:

"இந்த வேகத்துல வெட்டினா முழுத் தோட்டமும் காலையிலயே முடிஞ்சிரும், வேலை வாங்குற மண்டோர் சந்தோஷப்படுவாருலா!"

ஜன்னல்

அடுத்து வெயில். மூன்று ஜன்னல், நிழல் சாயம் போன சேலை மாதிரி வெளுத்துக் கிடந்தது. துணி அடித்து மறைக்கப் போனால், பழைய கட்டடம், ஆணி அடிக்கக் கூடாது என்றார் கண்காட்சிப் பொறுப்பாளர் வள்ளி மேடம். விடுவேனா? இருட்டில்லாமல் நிழல் ஏது, கட்டடம் முக்கியமா கலை முக்கியமா என்று அரை மணி நேரம் வாதாடினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ஆணி அடிக்காதேன்னுதானே சொன்னேன், துணியைக் கயித்துல கட்டாதேன்னா சொன்னேன்? மணி ரெண்டரைம்மா."

வெட்டு

ஜன்னல்களில் துணி கட்டி முடித்தோம். தரை கூட்ட வந்த சரோஜா அக்கா திரை முன்னால் நின்றுவிட்டார். சுங்காய் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பத்து வருடம் மரம் வெட்டியவர். வெட்டுக் கோடு இடது பக்கம் உயர்ந்து வலது பக்கம் இறங்க வேண்டுமாம், என்னுடையது நேரெதிர். படத்தைப் பார்த்துத்தான் செய்தேன் என்று சண்டைக்குப் போனேன். பாதிப் பேச்சில்தான் உறைத்தது: திரைக்கு மறுபக்கம் நின்றால் இடம் வலமாகிவிடும்! சண்டையை அங்கேயே விட்டுவிட்டுப் பீடத்தோடு பெண்ணை அப்படியே பாதி சுற்றித் திருப்பினோம். கோடு சரியானது. மணி இரண்டு ஐம்பத்தைந்து. அக்கா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்:

"நல்ல வேளைலா பொண்ணு, நாளைக்குப் புந்தோங்லேர்ந்து வர்ற பழைய வெட்டுக்காரவங்க உன்னை உரிச்சிருப்பாங்க."

ஒரு மணி நேரம்

மூன்று மணிக்குச் சுவிட்ச். நாற்பதாவது நிமிடம் ஒரு கீச்சுச் சத்தம். நானும் தினேஷும் மோட்டார் பக்கம் குனிந்தோம். நிற்கவில்லை. மூன்று ஐம்பதுக்கு மேடம் வந்து, கைகட்டி நின்று பார்த்தார். நாலு அடித்தது. நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். தினேஷ் சுவிட்சை நோக்கிக் கை நீட்டினான். மேடம் தடுத்தார்:

"இருப்பா, அணைக்காதே, நான் இன்னும் பார்த்து முடிக்கல."

அன்று முழுக்க நான் போட்ட சண்டைகளில் ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. இடம் மட்டும் கிடைத்துவிட்டது, அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.