நான் செய்யாத திருத்தங்கள்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடியில் லிஃப்ட் தானாக ஏழாவது மாடியில் போய் நிற்கிறது என்று பக்கத்து வீட்டு ஆன்ட்டி நடுங்கிக்கொண்டு சொன்னபோது, சென்சார் கெட்டுப்போயிருக்கும், மேனேஜ்மென்ட்டிடம் சொல்லுங்கள் என்று சொன்னவள். என் தொழில் அப்படி. பதினாலு வருஷமாக டேட்டாபேஸ் வேலை. ஒன்று நடந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், அது எங்காவது பதிவாகியிருக்கும், தேடினால் கிடைக்கும் என்றுதான் வாழ்ந்து வந்தேன். இப்போது சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். இன்னொருவர் வந்து சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

கிள்ளானில் கடைவீட்டு வரிசை ஒன்றின் மேல்மாடியில் ஒரு டயாலிசிஸ் மையம். நன்கொடையில் நடக்கிற இடம், பெயர் வேண்டாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்கிறார்கள். அவர்களுடைய பழைய கம்ப்யூட்டரிலிருந்து புதியதற்கு நோயாளிகள் விவரம் முழுவதையும் மாற்றித்தர வேண்டியது என் வேலை. மொத்தமாக நகல் எடுப்பது சுலபம். நகல் எடுத்தபிறகும் பழையதில் ஆட்கள் திருத்திக்கொண்டேதான் இருப்பார்கள், ஒருவருக்கு எடை மாறும், ஒருவருக்கு நேரம் மாறும், ஒருவர் இறந்துபோவார். அந்த ஒவ்வொரு மாற்றத்தையும் நடந்த உடனே பிடித்துப் புதியதில் சேர்க்க வேண்டும். சேஞ்ச் டேட்டா கேப்ச்சர் என்போம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்பு என்ன இருந்தது, பின்பு என்ன ஆனது, எத்தனை மணிக்கு என்று மூன்றும் பதிவாகும். ஒன்று தவறினாலும் திங்கட்கிழமை விடியற்காலை வருகிற நோயாளிக்குத் தப்பான எடைக் கணக்கில் மிஷின் ஓடும். விளையாட்டுக் காரியம் இல்லை.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை போனேன். அன்றைக்கு சிகிச்சை கிடையாது. கவுண்டரைப் பார்த்துக்கொள்கிற லெட்சுமி அக்கா மட்டும் வந்து கதவைத் திறந்துவிட்டார். இருபது வருஷமாக அங்கே இருக்கிறவர், தலைமுடியில் நரை, பேச்சில் ஒரு அவசரம். கையில் எனக்கும் சேர்த்து நாசி லெமாக் வாங்கி வந்திருந்தார். சாப்பிட்டுவிட்டு பதினொரு மணிக்கு உட்கார்ந்தேன். நல்ல வெளிச்சம், ஜன்னல் வழியே கீழே லோரிகள் போகிற சத்தம், வரிசையாகக் காலியான சிகிச்சை நாற்காலிகள். பயப்படுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

சோதனைக்கு ஒரு பொய் நோயாளியை உண்டாக்கினேன். 'டெஸ்ட்' என்று போடப் பார்த்தேன், முழு விவரம் இல்லாமல் பழைய சிஸ்டம் ஏற்கவில்லை. வாயில் வந்த பெயராக ராஜு என்று போட்டு, வயது ஐம்பத்தெட்டு, ஏதோ ஒரு விலாசம், ஏதோ ஒரு ஐசி அடையாள அட்டை நம்பர் என்று நிரப்பினேன். மூன்று விநாடியில் புதியதில் வந்துவிட்டது. பிறகு அவருக்கு நான்காம் நாற்காலி என்று மாற்றினேன். அதுவும் வந்தது. சரி என்று குறித்துக்கொண்டு அடுத்த திருத்தத்துக்குக் கை வைக்குமுன் திரையில் இன்னொரு வரி ஓடியது.

முன்பு: ராஜு. பின்பு: ராஜமாணிக்கம்.

லெட்சுமி அக்கா கவுண்டரில் உட்கார்ந்து எதையோ தட்டிவிட்டார் என்று நினைத்துக் கூப்பிட்டேன்.

"அக்கா, சிஸ்டத்துல ஏதும் மாத்துனீங்களா?"

"நான் கம்ப்யூட்டரையே இன்னும் தொறக்கல லா. கண்ணாடிய வீட்லயே வெச்சிட்டு வந்துட்டேன்."

போய்ப் பார்த்தேன், கவுண்டர் கம்ப்யூட்டர் அணைந்துதான் கிடந்தது. பழைய சிஸ்டத்தில் யார் நுழைந்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். நான் ஒருத்திதான். வெளியிலிருந்து யாரோ நுழைகிறார்கள் என்று நினைத்து, வெளியே போகிற இணைய வயர் இரண்டையும் பிடுங்கிவிட்டேன். இப்போது பழைய பெட்டி, புதிய பெட்டி, என் லேப்டாப், மூன்றும் ஒன்றோடொன்று மட்டும்தான் பேசிக்கொள்ள முடியும். ராஜமாணிக்கத்தை அழித்தேன். அழிந்தார். அப்பாடா என்று தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினால் அதே வரிசை எண்ணில் மறுபடியும் இருக்கிறார், இப்போது நான் போட்ட விலாசம் இல்லை, பந்திங் ஊரில் ஒரு தாமான் குடியிருப்பின் பெயரும் வீட்டு எண்ணும் இருக்கிறது.

நம்பினால் நம்புங்கள், அப்போதும் எனக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஏதோ பழைய பதிவு சிக்கிக்கொண்டு திரும்பத் திரும்ப வருகிறது என்று நினைத்தேன். ஆனால் பழைய பதிவுகளில் அந்தப் பெயரே இல்லை. தேடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வரி. மனைவி: சரோஜா. கொஞ்ச நேரத்தில் ஒரு தொலைபேசி எண். பிறகு வெகுநேரம் ஒன்றும் இல்லை. முடிந்தது என்று நினைத்தபோது அந்த எண் அழிந்து அந்த இடத்தில் வேறு எண் வந்தது. அதோடு நின்றுவிட்டது.

அப்போதுதான் பயம் வந்தது. யாரோ எனக்குப் பின்னால் நின்று, அது தப்பும்மா, இதைப் போடு என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவதுபோல இருந்தது.

"அக்கா, ராஜமாணிக்கம்னு யாராச்சும் உங்க பேஷன்ட் இருந்தாரா? பந்திங் ஆளு, பொண்டாட்டி பேரு சரோஜா."

அக்கா சட்டென்று பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"யாரு ஒனக்குச் சொன்னா?"

ஆறு வருஷத்துக்கு முந்திய கதை. ராஜமாணிக்கம் பந்திங்கிலிருந்து பஸ் பிடித்து வந்து பெயர் கொடுத்துவிட்டுப் போனவர். அப்போது இடம் இல்லை. காத்திருப்பவர்கள் விவரம் கம்ப்யூட்டரில் ஏற்றப்படுவதில்லை, அட்டையில் எழுதி வைப்பார்கள், நாற்காலி கிடைத்த பிறகுதான் ஏற்றுவார்கள். அவருடைய முறை வந்தது. அட்டையில் இருந்த எண்ணுக்கு அக்கா மூன்று முறை கூப்பிட்டார், லைன் போகவில்லை. அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டார். இரண்டு மாதம் கழித்து ராஜமாணிக்கம் இறந்துபோன செய்தி பந்திங்கிலிருந்து வந்த இன்னொரு நோயாளி மூலம் தெரிந்தது.

"இன்னும் ஒரு நாள் பாத்திருக்கலாம். பந்திங் பக்கம் வர்ற யார்கிட்டயாச்சும் சொல்லி விட்டிருக்கலாம். நான் அத யாருகிட்டயும் சொன்னதில்ல பிரேமா."

திரையில் இருந்த எண்ணைக் காட்டினேன். கண்ணாடி இல்லாததால் நான்தான் ஒவ்வொரு எண்ணாகப் படித்தேன், அவர் தன் கைப்பேசியில் அழுத்தினார். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். நான்காவது மணி அடித்ததும் ஒரு பெண் குரல்.

"ஹலோ, சரோஜாக்காங்களா? கிள்ளான் டயாலிசிஸ் சென்டர்லேர்ந்து லெட்சுமி பேசறேன்."

அந்தப் பக்கம் டிவி சத்தம் குறைந்தது.

"அவரு போயி ஆறு வருஷம் ஆச்சேம்மா."

"தெரியுங்கக்கா. அன்னிக்கு எடம் கெடச்சப்ப நான் கூப்பிட்டேன். மூனு தடவ கூப்பிட்டேன். லைன் போகல. அப்புறம் வேற ஆளுக்குக் குடுத்துட்டேன். அதச் சொல்லத்தான்..."

"நாங்க குடுத்தது பக்கத்துக் கடைக்காரரு நம்பரு. அவரு கடைய மூடிட்டு சுங்கை பூலோவுக்கு மகன் வீட்டுக்குப் போயிட்டாரு, போன் லைன வெட்டிட்டாங்க. நாங்க அதுக்கப்புறம் வந்து நம்பர் மாத்திக் குடுக்கல, எங்க வீட்டுக்காரருக்கு நடக்க முடியல." ஒரு பெருமூச்சு. "நீங்க கூப்பிட்டீங்களா? கூப்பிடவே இல்லன்னு நெனச்சிக்கிட்டே போனாரும்மா. நம்மள யாரு கூப்பிடுவான்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு."

"கூப்பிட்டேன்க்கா."

"சரி. நான் அவரு படத்துக்கிட்ட சொல்லிடறேன்."

போனை வைத்தபிறகு லெட்சுமி அக்கா ரொம்ப நேரம் அழுதார். நான் அவர் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு அவரே எழுந்து வந்தார். "அழிக்கணும்ல? நாளைக்கு ஆளு வருவாங்க. எந்த பட்டன்?" என்று கேட்டு அவர் கையாலேயே அந்த வரியை அழித்தார். வரவில்லை. அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன், திரும்ப வரவே இல்லை. அதற்குப்பிறகு வேறு பெயர்களை வைத்து முப்பது தடவைக்கு மேல் சோதித்தேன். ஒவ்வொன்றும் மூன்று விநாடியில், நான் போட்டபடியே. சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டேன். திங்கட்கிழமை புதிய சிஸ்டம் ஓடத் தொடங்கியது, ஒரு நோயாளியின் விவரம்கூடத் தப்பாக மாறிப்போகவில்லை.

இதோடு முடிந்திருந்தால் எப்படியாவது ஒரு காரணம் சொல்லிச் சமாளித்திருப்பேன். அந்த அட்டையிலிருந்த விவரம் என்றைக்கோ எங்கோ அரைகுறையாக ஏற்றப்பட்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

மூன்று வாரம் கழித்து லெட்சுமி அக்கா பந்திங்குக்குப் போகப் பிரியப்பட்டார். என் காரில் கூட்டிப்போனேன். சரோஜா ஆன்ட்டி ஒல்லியான, அமைதியான மனுஷி. எங்களுக்குக் கோப்பி கலந்து கொடுத்தார், தன் கணவரின் படத்தைக் காட்டினார். அக்காவும் அவரும் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள். கிளம்பும்போது சரோஜா ஆன்ட்டி கேட்டார்:

"கேக்கணும்னு இருந்தேன். என் நம்பர் ஒங்களுக்கு யாரு குடுத்தா?"

அக்கா என்னைப் பார்த்தார்.

"சிஸ்டத்துல இருந்துச்சு ஆன்ட்டி," என்றேன்.

"எப்படிம்மா? பழைய போன் தண்ணில விழுந்துருச்சுன்னு சனிக்கிழமை சாயந்தரம்தான் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில புது சிம் வாங்குனேன். நீங்க ஞாயித்துக்கிழமை கூப்பிட்டீங்க. அப்ப எனக்கே என் நம்பர் மனசுல நிக்கல. மகளுக்குக்கூடச் சொல்லல. அதுல வந்த மொத போனே ஒங்களோடதுதான்."

கோப்பி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து அன்றைய சோதனைப் பதிவைத் திறந்து பார்த்தேன். சேமித்து வைத்திருந்தேன், இன்றும் என் லேப்டாப்பில் இருக்கிறது. தொலைபேசி எண் இரண்டு முறை எழுதப்பட்டிருக்கிறது. முதலில் வந்தது அட்டையில் இருந்த கடைக்காரர் எண். அக்கா இன்னும் வைத்திருந்த அந்த அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். ராஜமாணிக்கத்துக்குத் தெரிந்திருந்தது அந்த எண்தானே. அதை அழித்துவிட்டுப் புது எண்ணைப் போட்டபோது, நேரம் சரியாகப் பதினொரு நிமிடம் தள்ளியிருக்கிறது.

நான் அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம் அது. கிள்ளானிலிருந்து பந்திங்குக்குக் காரில் போகவே அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்தப் பதினொரு நிமிடத்தில் ஒருவர் போய், அந்த வீட்டில் நின்று, அந்தப் புது சிம் அட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார்.