மஞ்சள் கேனோடு வந்தவர்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் நெவிலின் இடது கையை வந்து பாருங்கள். இரண்டு விரல்கள் இருக்காது. அவை எப்படிப் போயின என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

நெவிலும் அவர் மனைவி ரேலீனும் குவீன்ஸ்லாந்துக் கடற்கரையில் எங்களுக்குப் பக்கத்து வீடு. ரேலீனுக்குக் கதை கட்ட வராது. சீட்டாட்டத்தில் கையில் நல்ல சீட்டு வந்தால் முகத்திலேயே தெரிந்துவிடும். அவள் என் சமையலறையில் உட்கார்ந்து, டீயைக் குடிக்காமல் ஆறவிட்டு, அழுதுகொண்டே சொன்னது இது. பேய் என்றால் நடுராத்திரிதானே என்று கேட்காதீர்கள். இது நடந்தது சாயங்காலம். நாம் வாசல் விளக்கைப் போடுகிற நேரம்.

நெவில் ஆயுசு முழுக்க லாரி ஓட்டியவர். அறுபத்தெட்டு வயதுவரை பனியைக் கண்ணால் பார்த்ததில்லை. ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். காரணம் நெவிலின் நெஞ்சு. ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே ஒரு சின்ன விசில் கேட்கும். தூங்கினாலும் கேட்கும், சாப்பிட்டாலும் கேட்கும். "குளிர் மட்டும் படக்கூடாது, பட்டால் நான் பொறுப்பில்லை" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதனால்தான் வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போகிற வீடான கேரவனில் டீசல் ஹீட்டர் மாட்டினார்கள். கேரவனை வண்டியோடு பூட்டுகிற முன்பக்கச் சட்டத்தில் அதற்கென்று ஒரு சின்ன டாங்க். பக்கத்தில் ஒரு இரும்புப் பெட்டி. அதற்குள் நான்கு மஞ்சள் கேன்களில் டீசல். எரிபொருளைக் கேரவனுக்குள் வைக்கவே கூடாது என்பதில் நெவில் கண்டிப்பானவர். நான்கையும் ஊரில் டீசல் மலிவாகக் கிடைக்கும் பெட்ரோல் பங்கில் நிரப்பி, ஏதோ புதையலைப் பூட்டுவதுபோல் பூட்டினார்.

எங்கள் நாட்டில் குளிர் தெற்கேதான். மூன்று நாள் பயணம். மலை ஏறுவதற்கு முன் கடைசி ஊரில், பங்கில் இருந்த பெண் எட்டிப் பார்த்தாள்.

"பெரியவரே, மலைக்கா? மலை டீசல் போட்டுக்கிட்டீங்களா?"

"டீசல்ல என்னம்மா மலை டீசல், கடல் டீசல்? எல்லாம் யாவாரம்."

"கீழ வாங்கினது மேல உறைஞ்சிடும். போன வாரம்கூட ரெண்டு பேரைக் கட்டி இழுத்துட்டு வந்தோம்."

"வண்டிக்குப் போடு. ஹீட்டருக்கு என்கிட்ட நாலு கேன் இருக்கு. முப்பது வருஷம் டீசல்ல குளிச்சவன் நான்."

ரேலீன் சும்மா இருக்கவில்லை. "குளிச்சது போதும், ஒரு கேனாவது வாங்கு கிழவா" என்று நச்சரித்தாள். அவள் வாயை அடைப்பதற்காக ஐந்தாவதாக ஒரு கேன் வாங்கினார். இரும்புப் பெட்டியில் இடம் இல்லை. வண்டியின் பின்தட்டில் எறிந்தார். அதோடு மறந்துபோனார்.

மேலே முகாமில் ரேஞ்சர் வார்விக் ஒரே ஒரு விதிதான் சொன்னார். பனி தள்ளும் லாரி வந்து போக வேண்டும். ஆகவே கேரவனை மட்டும் உள்ளே விட்டுவிட்டு, வண்டிகளை வாசல் மைதானத்தில் நிறுத்த வேண்டும். இவர்களுடைய இடம் கடைசி இடம். வாசலிலிருந்து ஒரு கூப்பிடு தூரம் இருக்கும். சுற்றிலும் வெள்ளை மரங்கள். வேறு யாருமே இல்லை. புயல் எச்சரிக்கை கேட்டு மற்றவர்கள் காலையிலேயே இறங்கிவிட்டிருந்தார்கள். நெவில் இறங்குவாரா? வீம்பு. பனியைத் தொட்டுப் பார்த்து, உருட்டி, ரேலீன்மேல் எறிந்து, குழந்தைபோல் சிரித்துக்கொண்டிருந்தார்.

மத்தியானத்துக்கு மேல் காற்று மாறியது. பனி சன்னலை மூடியது. நான்கு மணிக்கே இருட்டியது. சமையல் காஸும் தீர்ந்துபோயிருந்தது. போனில் சிக்னல் இல்லை.

நெவில் ஹீட்டரைப் போட்டார்.

இந்த ஹீட்டர் ஓடினால் ஒரு சத்தம் வரும். டீசலைச் சொட்டுச் சொட்டாகத் தள்ளுகிற பம்ப், கேரவனுக்கு அடியில் கடிகாரம்போல் அடித்துக்கொண்டே இருக்கும். டக்... டக்... டக்...

அன்று பத்துப் பதினைந்து அடித்தது. நின்றது.

மறுபடி போட்டார். டக்... டக்... நின்றது. சூடு வரவில்லை. நெவில் வெளியே போய் டாங்க் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"உறைஞ்சு போச்சு, ரே."

"பெட்டில நாலு கேன் இருக்கே?"

"நாலும்தான்."

கைக்கெட்டும் தூரத்தில் நான்கு கேன் டீசல். ஒன்றும் உதவாது. உதவக்கூடிய ஒன்றே ஒன்று மைதானத்தில், வண்டியின் பின்தட்டில். ரேலீனுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. கைத்தடி இல்லாமல் ஓர் அடி வைக்க முடியாது. பனியில் எங்கே நடப்பாள்?

"நீ போகாத. போர்த்திக்கிட்டுப் படுப்போம்."

"விடியறதுக்குள்ள நான் விறைச்சிடுவேன். இந்தா போனேன், இந்தா வந்தேன்."

தொப்பி வைத்த பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். கதவு மூடியது. விசில் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது. பிறகு காற்று மட்டும்.

ரேலீன் காத்திருந்தாள். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேல் இருந்த சின்ன விளக்கு ஒன்றுதான் எரிந்தது. அவள் வாயிலிருந்து புகை வந்தது. அரை மணி ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. நான் ஏன் விட்டேன், நான் ஏன் விட்டேன் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போது முன்பக்கம் ஒரு சத்தம். இரும்புப் பெட்டி நகர்வதுபோல். பிறகு டாங்கில் டீசல் ஊற்றும் சத்தம். குளுக்... குளுக்... குளுக்...

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கதவு திறந்தது. நெவில் உள்ளே வந்தார். தொப்பி முகத்தை மறைத்திருந்தது. தோளெல்லாம் பனி. கதவு திறந்தபோது காற்று உள்ளே வரவில்லை. புயல் அடங்கிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தாள்.

டக்... டக்... டக்... டக்...

ஹீட்டர் ஓடியது. சூடு வந்தது. கால் விரல்களில், முழங்காலில், கன்னத்தில்... அவளுக்கு அழுகை வந்தது.

"எங்கய்யா போன இவ்ளோ நேரம்? உயிரே போயிடுச்சு எனக்கு."

அவர் சூட்டுக்காற்று வரும் துளைக்கு எதிரே போய் உட்கார்ந்தார். அவளுக்கு முதுகு காட்டி. கைகளைச் சூட்டில் நீட்டிக்கொண்டார்.

கோபமாக இருக்கிறார், திட்டினது நான்தானே என்று நினைத்தாள்.

டக்... டக்... டக்...

நல்ல சூடு. ஸ்வெட்டரைக் கழற்றினாள். அப்போதுதான் பார்த்தாள். வாசல் மிதியடி காய்ந்திருந்தது. அவர் பூட்ஸ் நனைத்திருக்க வேண்டாமா?

அவர் தோளைப் பார்த்தாள்.

பனி அப்படியே இருந்தது. இவ்வளவு சூட்டில் ஒரு சொட்டுக்கூடக் கரையவில்லை.

டொக்...

கதவில்.

டொக்... டொக்...

யாரோ தட்டுகிறார்கள். மேலே அல்ல. கீழே. முழங்கால் உயரத்தில்.

"யாரது?" என்றாள்.

"காத்து," என்றார் அவர். நெவிலின் குரல்தான். "திறக்காதே. குளிர் வரும்."

அவள் உட்கார்ந்தே இருந்தாள். எழுந்திருக்க மனம் வரவில்லை. சூடு அவளை அமுக்கி வைத்திருந்தது. இதைச் சொல்லும்போதுதான் என் சமையலறையில் உடைந்து அழுதாள். "காத்துன்னு நம்பினேன். நம்பணும்னு இருந்தது எனக்கு. அவ்ளோ சுகமா இருந்துச்சு."

டொக்...

இந்தத் தடவை மெல்ல. அதன் பிறகு கதவின் அடியிலிருந்து வேறு ஒரு சத்தம். மெல்லிய சத்தம்.

விசில்.

இழுத்து... விட்டு... இழுத்து...

அந்த விசில் வெளியே இருந்து வந்தது.

எதிரே இருந்த முதுகைப் பார்த்தாள். அது அசையவில்லை. ஏறவில்லை. இறங்கவில்லை. வந்ததிலிருந்து ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"நெவில்..." என்றாள். "ஒரு தடவை இருமேன்."

பதில் இல்லை.

"எனக்காக... இருமேன்."

டக்... டக்... டக்...

தொப்பி மெல்லத் திரும்ப ஆரம்பித்தது.

அவள் எழ முயன்றாள். கால் எழவில்லை. கத்த முயன்றாள். வரவில்லை.

இன்னும் கொஞ்சம் திரும்பியது.

அவள் தரையில் விழுந்தாள். கைத்தடியை நீட்டினாள். தாழ்ப்பாளை அடித்தாள். மறுபடி அடித்தாள்.

கதவு பிய்த்துக்கொண்டு திறந்தது.

காற்று. பனி.

படிக்கட்டில், நான்கு காலில், நெவில். கையுறை இல்லாத இடது கை மஞ்சள் கேனின் பிடியோடு ஒட்டிப்போயிருந்தது.

கழுத்துப் பட்டியைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டாள். எப்படி இழுத்தாள் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தாள்.

யாரும் இல்லை.

இருக்கையில் இரண்டு கைப்பிடி பனி மட்டும் இருந்தது. சூட்டுக்காற்று வந்த துளையில் கை வைத்தாள். ஐஸ். அடியில் சத்தம் மட்டும் இன்னும் கேட்டது.

டக்... டக்...

நின்றது.

பனி தள்ளும் லாரியோடு வார்விக் வந்தபோது இருவரும் ஒரே கம்பளிக்குள் கிடந்தார்கள். நெவிலுக்கு நினைவில்லை. ஆனால் விசில் கேட்டுக்கொண்டிருந்தது. ரேலீன் அவர் வாயருகே காதை வைத்தபடி, அதைத் தவிர வேறெதையும் கேட்காமல் கிடந்தாள்.

நெவில் பிழைத்தார். விரல்கள்தான் போயின.

ஒரு வாரம் கழித்து, கேரவனைக் கீழே இறக்கிவிட்ட வார்விக், ஆஸ்பத்திரிக்கு வந்து ரேலீனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்க ஹீட்டரை மேலேயே பிரிச்சுப் பாத்தோம். டாங்க்ல, குழாய்ல எல்லாம் உறைஞ்ச தேங்கா எண்ணெய் மாதிரி இருந்துச்சு. ஒரு நிமிஷம்கூட எரிஞ்சிருக்காது. சூடா இருந்துச்சுன்னு ஆம்புலன்ஸ்ல சொன்னீங்களாமே?"

ரேலீன் நடந்ததை எல்லாம் சொன்னாள். சொல்லி முடித்ததும் வார்விக் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"முதுகைக் காட்டி உக்காந்திருந்தாரா?"

"ஆமா."

வார்விக் பழைய சம்பவம் ஒன்றைச் சொன்னார்.

அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலம். அதே கடைசி இடம். வேறு ஒரு புருஷன், பெண்டாட்டி. டீசல் எடுக்கப் போன அந்த மனிதர் காலையில் படிக்கட்டில் விறைத்துக் கிடந்தார். கையில் நிரம்பிய கேன். கதவின் கீழ்ப்பாதி முழுக்கத் தட்டிய தடம். அவருடைய மனைவி உள்ளே உட்கார்ந்திருந்தாள், உறைந்த கேரவனில், ஸ்வெட்டர்கூட இல்லாமல். பூட்டியிருந்த கதவை உடைத்துக்கொண்டு முதலில் உள்ளே போனவர் வார்விக்தான்.

"தட்டினது கேக்கலையாம்மான்னு கேட்டேன்," என்றார் வார்விக். "கேட்டுதுன்னாங்க. ராத்திரி ரொம்ப நேரம் கேட்டுதாம்."

"அப்புறம் ஏன் திறக்கலையாம்?"

"என் வீட்டுக்காரர்தான் திறக்காதேன்னாருன்னு சொன்னாங்க."