கிணற்றுக்குள் நின்ற புகை

யாழ்ப்பாணத்து அச்சுவேலியில் கல் கிளப்பித் தோட்டம் ஆக்கினவன் நான். மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. கிணறு வெட்டினேன், கல்வீடு கட்டினேன், மூன்று பெண்களைக் கரைசேர்த்தேன். ஒருவரிடமும் கை நீட்டவில்லை. ஆனாலும் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கோடையில் நடந்ததை நினைத்தால் இன்றும் கை கூப்பத்தான் தோன்றுகிறது.

போரால் கரண்டும் இல்லை, பெற்றோலும் இல்லை. தண்ணீர் இறைக்கும் மிசினை மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம். கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட, மேலே வைத்த மிசின் இழுக்கவில்லை. வெங்காயம் வாடத் தொடங்கியது. கிணற்றுக்குள் பலகை போட்டு மிசினை இறக்கினேன். மருமகன் உள்ளே நின்று ஓட்டினார்.

அன்றைக்குப் பார்த்து, அயல் பள்ளிக்கூடத்து விஞ்ஞான ரீச்சர் பிள்ளைகளோடு வந்தார். பள்ளிக்கூடத்தில் பரிசோதனைச் சாமான் ஒன்றும் இல்லையாம், என் கிணறுதான் பாடமாம்.

"மூண்டாம் வகுப்புக்காரனிட்டையோ படிக்க வந்தனீங்கள், ரீச்சர்?" என்று பகிடி விட்டேன்.

மேலே வைத்த மிசின் ஏன் இழுக்கவில்லை என்று அவர் பிள்ளைகளைக் கேட்டார். மிசின் பழுது என்றான் ஒருவன். பப்பாசி இலைக் காம்புக் குழலால் வாளித் தண்ணீரை உறிஞ்ச வைத்தார். குழலில் ஓட்டை போட்டதும் தண்ணீர் ஏறவில்லை. வெளிக்காற்றுத்தான் தண்ணீரைத் தள்ளுகிறது, அதற்கும் ஓர் உயர எல்லை உண்டு, தண்ணீர் அதற்கும் கீழே போய்விட்டது என்று கதை போனது. காற்று என்றதும் ஒரு பிள்ளை கிணற்றை எட்டிப் பார்த்தாள்.

"ரீச்சர், உந்த மிசின் புகை மேலை வரேல்லையே. உள்ளை நிக்கிறவர் எந்தக் காத்தை இழுக்கிறார்?"

ரீச்சருக்கு முகம் மாறியது. "ஐயா, மருமகனைக் கூப்பிடுங்கோ" என்றார். மிசின் இரைச்சலுக்கு மேலால் கத்தினேன். "ஓம்" என்று இழுபட்ட ஒரு சத்தம். பிறகு அதுவும் இல்லை.

இடுப்பில் கயிறு கட்டாமல் நான் ஒருவரையும் கிணற்றில் இறக்கியதில்லை. அந்தக் கயிற்றை நானும் ரீச்சரும் பிள்ளைகளுமாகச் சேர்ந்து இழுத்தோம். மேலே வந்தவர் நெடுநேரம் கிணற்றடியில் கிடந்துதான் கண் விழித்தார். கொஞ்சம் பிந்தியிருந்தால் என் மகளின் வாழ்வு போயிருக்கும். அதன்பின் நீளக் குழாய் பூட்டிப் புகையை மேலே எடுத்தேன். மிசின் ஓடும்போது ஒருவரையும் உள்ளே நிற்கவிட்டதும் இல்லை.

இன்றும் ஒரு வேலை தொடங்கமுன் அந்தப் பிள்ளையைப்போல ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கிறேன். ஊரில் இந்தக் கதை சொல்பவர்கள் ரீச்சரையும் பிள்ளையையும் புகழ்கிறார்கள். புகழத்தான் வேண்டும், நானும் கும்பிடுகிறேன். ஆனால் கேள்வி அவர்களுடையது என்றால் கயிறு என்னுடையது. அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.