நாற்பத்தொரு கேம்களும் ஒரு கையெழுத்தும்

எங்கள் சபையில் அவரை எல்லோரும் எக்ஸ்ரேக்கா என்றுதான் கூப்பிடுவோம். மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் இருபத்திரண்டு வருடமாக எக்ஸ்ரே எடுக்கிறவர். நாற்பத்தாறு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்கிற துணிச்சல் எங்களில் யாருக்கும் வந்ததில்லை. "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, ம், விடலாம்" என்று தினமும் நூறு பேரிடம் சொல்லிச் சொல்லி, சாதாரணப் பேச்சிலும் அந்தத் தொனி ஏறிவிட்டது. அவர் வாயைத் திறந்தாலே நாங்கள் எங்களை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்வோம்.

வீடியோ கேம் ஆடுவதில் அவர் சூரப்புலி. சனிக்கிழமை மதியங்களில் ஆலயத்துக்குப் பின்னால் உள்ள ஹாலில், அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே நாங்கள் நாலு பேர் கூடி ஆடுவோம். எக்ஸ்ரேக்கா, ஒரு பிளம்பர், பாஸ்டரின் மனைவி, பள்ளியில் கணக்கு நடத்துகிற நான். எங்கள் அணிக்கு 'மறு கன்னம்' என்று பெயர் வைத்திருந்தோம். ஆனால் கேமில் யாராவது எங்களைச் சுட்டால் விடாமல் திருப்பிச் சுடுவோம். பாஸ்டருக்கு அந்தப் பெயர் அவ்வளவாகப் பிடிக்காது.

எக்ஸ்ரேக்காவுக்கு நாலு வயது மூத்த அக்கா ஒருவர். அதே தெருக்கோடியில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தார். துணிக்கடை ஒன்றில் தைத்துத் திருத்திக் கொடுக்கிற வேலை. அவருடைய கணவர் மூன்று வருடத்துக்கு முன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். முதலில் பார்த்தது மனைவிதான். அதற்குப் பிறகு அந்த அம்மா கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவராக மாறிப்போனார்.

அவருக்கு மனம் மாற ஏதாவது வேண்டுமே என்று எக்ஸ்ரேக்கா ஒரு விவசாய கேமை வாங்கிக் கொடுத்தார். உழுவது, விதைப்பது, ஆடு வளர்ப்பது, பக்கத்துத் தோட்டக்காரரோடு பேசுவது. பெட்டியின் பின்னால், 'ஏழு வயதுக்கு மேல். மென்மையான நகைச்சுவை' என்று லேபிள் இருந்தது. எக்ஸ்ரேக்கா அந்த கேமை ஆடிப் பார்த்ததில்லை. லேபிளை நம்பினார்.

நாலு மாதம் எல்லாம் நன்றாகப் போனது. "அக்கா ஆட்டுக்குப் பேரெல்லாம் வெச்சிருக்கா. நேத்து போன்ல சிரிச்சா, தெரியுமா?" என்று எங்களிடம் சொன்னபோது எக்ஸ்ரேக்காவின் குரலே வேறாக இருந்தது.

கேமில் இரண்டாவது குளிர்காலம் வந்தது. தினமும் விதை கொடுத்து உதவுகிற பக்கத்துத் தோட்டக்காரர் ஒரு நாள் வெளியே வரவில்லை. அவருடைய களஞ்சியத்தின் கதவைத் திறக்கச் சொல்லி அம்புக்குறி காட்டியது. முன்னெச்சரிக்கை கிடையாது, தாண்டிப் போக வழியும் கிடையாது. அந்தக் காட்சியை நான் விவரிக்கப் போவதில்லை. வீட்டில் ஒரு தடவை எந்தக் கதவைத் திறந்தாரோ, அதே கதவை அந்த அம்மா இன்னொரு தடவை திறந்தார்.

எக்ஸ்ரேக்காவுக்கு வேலையிடத்தில் போன் வந்தது.

"எங்கிட்ட குடுக்கறதுக்கு முன்னாடி இதை நீ பாத்தியா?"

"பாக்கலக்கா. லேபிள்ல..."

"லேபிள்" என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா போனை வைத்துவிட்டார். அன்று மாலை போய்த் தட்டியபோது கதவு திறக்கவில்லை. மறுநாளும் இல்லை. கேம் பெட்டி தண்ணீர் நிரம்பிய வாளியில் மூழ்கி வாசலில் இருந்தது.

கேம்களுக்கு வயது லேபிள் கொடுக்கிற ரேட்டிங் ஆபீசுக்கு எக்ஸ்ரேக்கா கடிதம் எழுதினார். பதில் வர ஐந்து வாரம் ஆனது. 'ஆய்வு செய்யப்பட்ட பகுதியில் தாங்கள் குறிப்பிடும் காட்சி ஏதும் இல்லை' என்று ஒரே வரி. கீழே மூத்த ஆய்வாளரின் சாய்வான கையெழுத்து.

"ஆய்வு செய்யப்பட்ட பகுதியில," என்று அவர் எங்களுக்குப் படித்துக் காட்டினார். "கையில பாதி எலும்பை மட்டும் படம் எடுத்துட்டு, முறிவு இல்லைன்னு எழுதிக் குடுத்தா என்னை வேலையில வெச்சிருப்பாங்களா?"

அதோடு விட்டிருப்பாரோ என்னவோ. இரண்டு வாரம் கழித்து அதே ஆய்வாளர் ரேடியோவில் பேசினார். வேனில் போய்க்கொண்டிருந்த பிளம்பர் கேட்டுவிட்டு நேரே ஹாலுக்கு வந்து ஒப்பித்தார். "சர்ச்காரங்க நிறைய புகார் அனுப்பறாங்களாம். ஜெபம் பண்ற கைக்கு கன்ட்ரோலர்ல பட்டன் எங்க இருக்குன்னே தெரியாதாம். ஒரு கேமையாவது கடைசி வரைக்கும் ஆடிட்டு வந்து பேசட்டும்னு சொல்லிச் சிரிக்கறாரு."

எக்ஸ்ரேக்கா கையிலிருந்த கன்ட்ரோலரைக் கீழே வைத்தார்.

"ஆடிட்டே போவோம்" என்றார்.

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் பேழை வரைந்திருந்த வெள்ளைப் பலகையில் பாதியை அழித்துவிட்டு, அந்த ஆய்வாளர் கையெழுத்துப் போட்டு ஒரு வருடத்தில் வெளிவந்த கேம்களின் பட்டியலை எழுதினார். நாற்பத்தொன்று. அன்றிலிருந்து அந்த ஆய்வாளருக்கு எங்கள் வட்டத்தில் லேபிள் சார் என்று பெயர். "மத்த ஆய்வாளருங்க யாரும் எனக்கு வேண்டாம். இந்த ஒரு ஆளு போதும்" என்றார் எக்ஸ்ரேக்கா.

பதினாலு மாதம் ஆடினோம். காலை ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வந்தால் ஏழு மணிவரை எக்ஸ்ரேக்கா நாற்காலியை விட்டு அசையமாட்டார். ஒரு காட்சியையும் தாண்டக் கூடாது, எத்தனை முடிவுகள் இருந்தாலும் அத்தனையையும் பார்க்க வேண்டும், எத்தனையாவது நிமிடத்தில் என்ன வருகிறது என்று எழுத வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். போர் கேம்களை பிளம்பர் எடுத்துக்கொண்டார். கார் கேம்களை பாஸ்டரின் மனைவி ஓட்டித் தீர்த்தார். அட்டவணை என் பொறுப்பு. எக்ஸ்ரேக்கா தனியாகப் பத்தொன்பது கேம்களை முடித்தார். வலது மணிக்கட்டு வீங்கிப்போய்ப் பட்டை கட்டிக்கொண்டு ஆடினார். முன்பெல்லாம் ஆடும்போது சிரிப்பார், எங்களைக் கிண்டல் செய்வார். இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு, ஏதோ ஒருவரின் வீட்டைச் சோதனை போடுகிற மாதிரி ஆடினார்.

முடிவில் பதினேழு கேம்களுக்கு லேபிள் இருக்கவேண்டியதைவிட இளக்கமாக இருந்தது. ஒன்பது கேம்களுக்கு நேர்மாறாக, தேவையே இல்லாமல் கடுமையாக இருந்தது. 'பதினெட்டு வயதுக்கு மேல், பேய் வழிபாடு' என்று முத்திரை குத்தப்பட்ட ஒன்றை எக்ஸ்ரேக்கா ஆடிப் பார்த்தார். கலங்கரை விளக்கில் தனியாக இருக்கும் ஒரு பெண் தினமும் விளக்கேற்றி, கடலில் போனவர்களுக்காக ஜெபம் செய்கிறாள். மொத்தக் கதையும் அவ்வளவுதான். அந்த லேபிளை நம்பித்தான் எங்கள் சபையே அதைப் பிள்ளைகளுக்கு ஆகாத கேம் என்று அறிவித்திருந்தது.

பாஸ்டர் பட்டியலைப் பார்த்துவிட்டு நெற்றியைத் தடவினார்.

"சிஸ்டர், குறைச்சுப் போட்டதை மட்டும் அனுப்புவோமே. அதிகமாப் போட்டதையும் சொன்னா, நாமளே பிள்ளைங்களை கேம் ஆடச் சொல்ற மாதிரி ஆயிடும்."

"இல்ல பாஸ்டர். இந்தப் பக்கமும் தப்பு, அந்தப் பக்கமும் தப்புன்னு காட்டினாத்தான் அந்த ஆளு பாக்கவே இல்லைன்னு தெரியும்."

"இது என்னமோ பழிவாங்கற மாதிரி இருக்கு."

"மாதிரி இல்ல, பாஸ்டர்."

பாஸ்டர் பட்டியலை மடித்து மேசையில் வைத்தார். "பழிவாங்கறது ஆண்டவர் வேலை, நம்ம கையில இல்லைன்னு உங்களுக்குத் தெரியாததா?" என்றார்.

"தெரியும். ஆண்டவருக்கு வேலை நிறைய இருக்கு. இதை மட்டும் நான் பாத்துக்கறேன்."

அடுத்த சனிக்கிழமை பாஸ்டர் ஹால் சாவியைத் தரவில்லை. பிளம்பரின் பட்டறைக்கு மாறினோம். குழாய்களையும் கழிப்பறைப் பீங்கான்களையும் ஒதுக்கிவிட்டு, குறித்து வைத்த காட்சிகளை இன்னொரு தடவை ஆடிச் சரிபார்க்க டிவியை வைத்தோம். பாஸ்டரின் மனைவி அங்கேயும் தவறாமல் வந்தார். "வீட்டுல நான் பேசிக்கறேன். நீங்க கேமைப் போடுங்க" என்று கன்ட்ரோலரைக் கையில் எடுத்துக்கொண்டார்.

குட்டு என் கண்ணில்தான் பட்டது. ரேட்டிங் ஆபீசில் எழுதிக் கேட்டு வாங்கிய ஆய்வு அறிக்கைகளை எங்கள் அட்டவணையோடு வரிவரியாக ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். நீர்மூழ்கிக் கப்பல் கேம் ஒன்றின் அறிக்கையில், 'குதிரையிலிருந்து ஒருவர் விழும் மிதமான வன்முறைக் காட்சி உண்டு' என்று இருந்தது. வேறொரு கேமுக்கு எழுதியதை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். எக்ஸ்ரேக்கா சிரிக்கவில்லை. கண் மட்டும் மின்னியது.

"இதை யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க, வாத்தியாரே."

லேபிள்களைப் பற்றிய புகார்களைக் கேட்கிற பொது விசாரணை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ரேட்டிங் ஆபீசின் மூன்றாவது மாடியில் நடந்தது. நீள மேசை, தண்ணீர் பாட்டில்கள், தூசி படிந்த பிளாஸ்டிக் பூக்கள். அறை நிறைய ஆட்கள். ஒருவருக்கு மூன்று நிமிடம் என்று விசாரணைக் குழுவின் தலைவி அறிவித்தார். லேபிள் சாரை அன்றுதான் நேரில் பார்த்தோம். ஒல்லியாக, நன்றாகத் தேய்த்த சட்டையில், மரியாதையான மனிதர். எக்ஸ்ரேக்காவைப் பார்த்ததும் எழுந்து, "உக்காருங்கம்மா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். எனக்கு மனசு கொஞ்சம் இளகியது. எக்ஸ்ரேக்கா நின்றுகொண்டே பேசினார்.

"சார், இந்த நீர்மூழ்கிக் கப்பல் கேமுக்கு நீங்கதானே ரேட்டிங் குடுத்தீங்க?"

"ஆமாம்மா."

"முழுசாப் பாத்துட்டுக் குடுத்ததா?"

"எல்லாத்தையும் முழுசாப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவோம்."

"குதிரையிலிருந்து ஒருத்தர் விழுவாரே, அது எந்த இடத்துல வருது?"

அவர் காகிதத்தைப் புரட்டினார். "அது நடுவுல வரும். ரெண்டாவது பகுதின்னு நினைக்கிறேன்."

"கடலுக்கு அடியிலயா, சார்?"

பின்வரிசையிலிருந்து கிளம்பிய சிரிப்பு முன்வரிசைவரை வந்தது. லேபிள் சாரின் முகத்தில் ஈயாடவில்லை. தலைவி கையை நீட்டி எங்கள் அட்டவணையை வாங்கிக்கொண்டார். வேலை முடிந்தது என்று நான் பையை எடுத்தேன்.

"இன்னும் ஒன்றரை நிமிஷம் இருக்கு" என்றார் எக்ஸ்ரேக்கா.

மடிக்கணினியைத் திறந்து லேபிள் சாரின் முகத்துக்கு நேரே திருப்பி வைத்தார். களஞ்சியத்தின் கதவு. அந்தக் காட்சி ஐம்பது விநாடி. அவர் பார்வையைக் காகிதத்துக்குத் தாழ்த்தினார்.

"அங்க பாக்காதீங்க, சார். இங்க பாருங்க. அசையாதீங்க."

அவர் அசையவில்லை. அறையில் யாருமே அசையவில்லை. காட்சி முடிந்து திரை கறுத்ததும் எக்ஸ்ரேக்கா, "ம், விடலாம்" என்றார்.

வெளியே மாடிப்படியில் அந்த மனிதர் எங்கள் பின்னால் வேகமாக இறங்கி வந்தார். கண்கள் சிவந்திருந்தன. "எனக்கு இது தெரியாதும்மா. கம்பெனிக்காரங்க அரைமணி நேர வீடியோதான் அனுப்புவாங்க. ஒரு கேம் அறுபது மணி நேரம் ஓடுது. மாசத்துக்கு மூணு, நாலு வருது. ஒரு ஆளு எப்படிம்மா பாக்க முடியும்?"

"பாக்க முடியலைன்னு எழுதியிருக்கலாமே" என்றார் எக்ஸ்ரேக்கா. "ரேடியோவுல சிரிக்க மட்டும் நேரம் இருந்துச்சு."

அவர் படியிலேயே நின்றுவிட்டார். நாங்கள் இறங்கிப் போனோம். நான் திரும்பிப் பார்த்தேன். எக்ஸ்ரேக்கா பார்க்கவில்லை. தெருவுக்கு வந்ததும், "இன்னிக்குத்தான் நல்லாப் பசிக்குது" என்றார்.

மூன்று மாதத்தில் புது விதிகள் வந்தன. இனி எந்த கேமையும் ஆடத் தெரிந்தவர்கள் கடைசிவரை ஆடிப் பார்த்த பிறகே லேபிள். ஆய்வாளரின் பெயரும் அதில் அச்சாக வேண்டும். விவசாய கேமுக்குப் பதினாறு வயது என்று மாறியது, என்ன வருகிறது என்று ஒளிக்காமல் எழுதினார்கள். கலங்கரை விளக்குப் பெண் ஏழு வயதுக்கு இறங்கினாள். ஆடிப் பார்க்கும் குழுவுக்குப் பிளம்பரைச் சேர்த்துக்கொண்டார்கள். எக்ஸ்ரேக்காவையும் அழைத்தார்கள், அவர் மறுத்துவிட்டார். லேபிள் சாரைப் பழைய கோப்புகள் வைத்திருக்கும் அறைக்கு அனுப்பிவிட்டார்கள்.

புது லேபிள் ஒட்டிய பெட்டியை எடுத்துக்கொண்டு எக்ஸ்ரேக்கா அக்கா வீட்டுக்குப் போனார். அன்று நடந்ததை அவரேதான் பிறகு என்னிடம் சொன்னார். அக்கா சங்கிலியை எடுக்காமல் கதவைத் திறந்திருக்கிறார்.

"அத்தனை பேர் முன்னாடி அதைப் போட்டுக் காட்டினியாமே."

"அந்த ஆளுக்குக் காட்டினேன்க்கா. உனக்காகத்தான்."

"எனக்காக இல்லடி. பாக்காம எங்கிட்ட குடுத்தது நீ. அந்தக் கோபத்தை அந்த ஆளு மேல போட்டு அடிச்சுட்டு வந்திருக்கே."

இதைச் சொல்லிவிட்டு எக்ஸ்ரேக்கா என்னைப் பார்த்தார். "அவ சொன்னது சரிதான், வாத்தியாரே. ஆனா அந்த ஆளும்தான் பாக்கல, இல்ல?"

 

அக்காவும் தங்கையும் இப்போது பேசிக்கொள்கிறார்கள். ஆராதனை முடிந்து இருவரும் சேர்ந்தேதான் வீட்டுக்கு நடக்கிறார்கள். நடுவில் இன்னொரு ஆள் நடக்கலாம் போல இடைவெளி இருக்கும். பாஸ்டர் ஹால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் சபையார் எல்லோரும் சேர்ந்து ஜெபிக்கையில், பிறரை மன்னிப்பதைப் பற்றிய வரி வரும்போது எக்ஸ்ரேக்காவின் உதடு அசைவதில்லை. பக்கத்தில் நிற்கிற எனக்குத் தெரியும்.

போன மாதம் புத்தக அலமாரி சரிந்து என் பாதத்தில் விழுந்துவிட்டது. எக்ஸ்ரேக்காவிடம் போனேன். அவர் போனில் இருந்தார். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ரேட்டிங் ஆபீசுக்கு போன் போட்டு, அந்த ஆளை மறுபடியும் ஆய்வாளராகப் போட்டுவிட்டார்களா என்று விசாரிக்கிறார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"ரிட்டயர் ஆயிட்டாரா? எப்ப?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "பிரிவு உபசார விழா ஏதாவது வெச்சாங்களா?"

எதிர்முனையில் ஏதோ சொன்னார்கள்.

"வைக்கலியா. சரி, ரொம்ப நன்றிம்மா."

போனை வைத்துவிட்டு, முகத்தில் நிறைவோடு என் பக்கம் திரும்பினார்.

"எந்தக் கால், வாத்தியாரே? வலதா, இடதா?"